மலையடிவாரத்தில் ஒரு புகைக்குழாய்

ரமணாசிரமம் என்றதும் பலருக்கு மகரிஷி வீற்றிருந்த பழைய ஹால் ஞாபகம் வரும். எனக்கென்னவோ சமையலறைதான் முதலில் வரும். 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்த மகரிஷிக்கு வெகுகாலம் பிட்சை உணவுதான். தாயார் அழகம்மாள் மலைமேல் மகனோடு வந்து தங்கிய பிறகே அங்கே ஒழுங்காக அடுப்பு எரிய ஆரம்பித்தது. 1922-ல் தாயார் மறைந்தபின் அடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்தது. மகரிஷி பல ஆண்டுகள் விடிவதற்கு முன்பே எழுந்து காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். அத்தனையும் விறகடுப்பு. அவரோடு சமைத்த சாந்தம்மாளும் சம்பூர்ணம்மாளும் எவ்வளவோ நினைவுகளைச் சொல்லியிருக்கிறார்கள். நான் படித்தவரை புகையைப் பற்றிக் குறை சொன்னதாக இல்லை. நம் பாட்டிமார்களும்தான் என்றைக்குச் சொன்னார்கள்?

இந்த முறை செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தெரிந்தவர்களின் ஓட்டு வீட்டில் தங்கினோம். சமையலறைச் சுவருக்கு வெளியே கூரையைத் தாண்டி ஒரு தகரக் குழாய் நின்றது.

"இதென்னம்மா, குழாய் வெளியே நிக்குது?" என்றேன்.

"அதுவா? பேரனுக்கு வச்சது கண்ணு. மருமக அவனை இடுப்பில வச்சுக்கிட்டே அடுப்பு ஊதுவா. மாசம் தவறாம சளி, இழுப்பு. டாக்டரம்மா மருந்து எழுதறதுக்கு முன்னாடி, எதில சமைக்கறீங்கன்னு கேட்டாங்க. எனக்கு வெட்கமாப் போச்சு."

காஸ் இருக்கிறது. ஆனால் வெந்நீருக்கும் களிக்கும் விறகுதான். சிலிண்டர் விலை நமக்குத் தெரியாததா!

டாக்டரம்மா கேட்டது சரியான கேள்வி. வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். வயிற்றில் எரியும் நெருப்பைவிடப் பெரிய நெருப்பு இது, சகோதரிகளே.

முதலில் வந்த கொத்தனார் குழாயை ஓட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டாராம். சுவரைத் தாண்டிய புகை ஜன்னல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது! கூரையைத் தாண்டி 3 அடியாவது குழாய் உயர வேண்டும். பக்கத்தில் 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி அதிகம் இருந்தால் நல்லது. ஜன்னலை விட்டு விலகி நிற்க வேண்டும். சின்ன அடுப்புக்கு 4 அங்குலக் குழாய் போதும். வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு இழுப்பு. கீற்றுக் கூரை என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: சூடான குழாய் ஓலையை ஒட்டவே கூடாது. முன்பு அரசாங்கப் புகையில்லா அடுப்புத் திட்டத்தில்கூடக் கல்நார்ச் சிமெண்ட் குழாய்கள் போட்டார்கள். அதை அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ஆகவே வேண்டாம்.

வெளியே நிற்கும் குழாயில் ஒரு சங்கடம் உண்டு. மார்கழிக் குளிரில் குழாய் சில்லிட்டுப் போகும், புகை மேலே ஏறச் சோம்பும், கரி உள்ளே தார் மாதிரி ஒட்டும். அதற்காக இந்த வீட்டில் குழாயின் கீழ்முனையில் கழற்றும் மூடி ஒன்று வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அடுப்பு ஆறியபின் அதைக் கழற்றி, நீளக் கழியில் சாக்குத்துணி சுற்றி இழுக்கிறார் மருமகள். அன்று விழுந்த கரி ஒரு படி இருக்கும்.

இந்த வேலையைச் சின்னதாக நினைக்கக் கூடாது. ஒடிசா கிராமங்களில் புகைக்குழாய் வைத்த அடுப்புகளை நாலு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருஷம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு துடைப்பார் இல்லை, உடைந்ததைச் சரிசெய்வார் இல்லை; பலனும் போய்விட்டது.

குழாய் புகையை அழித்துவிடுவதில்லை, வெளியே அனுப்புகிறது, அவ்வளவுதான். காற்று திரும்பும் நாளில் பக்கத்து வீட்டுக்காரம்மா ஜாடையாக ஏதோ சொல்கிறாராம். அதனால் ஈர விறகை இந்த வீட்டில் அடுப்பண்டை விடுவதில்லை.

"அண்ணாமலையே நெருப்பு மலைங்கறாங்க. நெருப்பு பாட்டுக்கு மேலே போகட்டும். புகை மட்டும் நம்ம கண்ணுக்குள்ளதான் வரணுமா?" என்று சிரித்தார் அந்த அம்மா.

பேரன் இப்போது எப்படி என்று கேட்டேன். இழுப்பு குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை என்றார். அடுப்பு எரியும்போது அவனைத் திண்ணையில் தாத்தாவிடம் விட்டுவிடுகிறார்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கூரைமேல் தடதடவென்று சத்தம். ஆசிரமத்துப் பக்கத்துக் குரங்குகள்! குழாயின் தொப்பியை ஏற்கெனவே இரண்டு தடவை பிடுங்கிப் போட்டுவிட்டனவாம். இப்போது மூன்று இடத்தில் இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு முடுக்கியிருக்கிறார்கள். அந்த அம்மா கழியை எடுத்துக்கொண்டு ஓடினார், நான் அடுப்பில் இருந்த களியைப் பார்த்துக்கொண்டேன்.