எந்த ஊர், யாரிட பிள்ளை?

கொழும்பில் "எந்த ஊர்?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் மூன்று பதில் இருக்கு. அவசரமாகக் கேட்டால் திருகோணமலை. கொஞ்சம் நின்று கேட்டால் மூதூருக்கு அங்கால. உண்மையாகவே தெரிய விரும்புகிறவர்களுக்கு மட்டும் ஈச்சிலம்பற்று. வெள்ளவத்தையில் தங்கிப் படித்த மூன்று மாதத்தில் இந்த மூன்றாவது பதிலைச் சொன்னது நான்கைந்து தடவைதான்.

திருகோணமலை என்றதும் எல்லாரும் கோணேசர் கோயில், நிலாவெளி, வெந்நீர்க் கிணறு என்று அடுக்குவார்கள். அதெல்லாம் எங்களுக்கும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற இடங்கள்தான். எங்கட ஊர் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மாவட்டத்தின் கடைசிப் பக்கம். வெருகல் ஆற்றைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால் மட்டக்களப்பு மாவட்டம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கிற வரைக்கும் திருகோணமலை ரவுணுக்குப் போவதே 'பாதை'யில் ஏறி இறங்குகிற பாடு என்று அம்மா சொல்லுவா. மிதவைப் படகைத்தான் அங்க பாதை என்பது.

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த சிங்களப் பிள்ளைக்கு ஈச்சிலம்பற்று தெரியவில்லை. மாவிலாறு தெரிந்திருந்தது. "ஆ, யுத்தம் தொடங்கின இடம்" என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கட்டின் கதவு மூடப்பட்டதும், அதோடு சண்டை பெரிதானதும் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் எங்கட பக்கத்தில் மாவிலாறு என்றால் முதலில் வயலுக்கு வாற தண்ணி. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று சனத்தின் வேளாண்மையும் அதை நம்பித்தான் இருக்கு. அதை அவளுக்குச் சொன்னேன். பிறகு அவள் தன்ர ஊர்க் குளத்தைப் பற்றிச் சொன்னாள். அன்றைக்கு இரண்டு பேரும் பஸ்ஸைத் தவற விட்டோம்.

ஒரு நாள் இரவு தாமரைக் கோபுரத்தில் ஏறினோம். 350 மீற்றர் உயரம், 2022இல் மக்களுக்குத் திறந்தது. மேலே நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டின மட்டும் லைற். வடிவுதான், மறுக்க ஏலாது. அந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு மகாவலியில் இருந்து வருகுது. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று மலையில் மறித்து மின்சாரம் எடுத்த தண்ணிதான் கீழே இறங்கி எங்கட பக்கம் கடலில் சேருது. வெருகல் ஆறும் மகாவலியின் ஒரு கிளை. மாரியில் மேலே மழை கொட்டி அணைக் கதவுகளைத் திறந்தால் "தாழ்நிலத்து மக்கள் அவதானம்" என்று அறிவித்தல் வரும். அந்தத் தாழ்நிலத்து மக்கள் நாங்கள். ஆற்றின் வெளிச்சம் கொழும்புக்கு, வெள்ளம் எங்களுக்கு என்று அன்றைக்கு மனதுக்குள் ஓடிச்சு.

இதுக்காகக் கொழும்பை எனக்குப் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். நல்லாப் பிடிக்கும். இரவு எட்டு மணிக்குக் காலி வீதியால் நடந்து போய் ஒரு வடை வாங்கித் தின்றுகொண்டு திரும்பி வரலாம். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஊரில் மாலை ஆறரைக்குச் சைக்கிளை எடுத்தாலே படலைக்குப் படலை குரல் வரும்: "எங்க பிள்ளை போறாய்?" முகம் தெரியாத ஆள் என்றால் அடுத்த கேள்வி: "நீ யாரிட பிள்ளை?" நான் வீட்டுக்கு வந்து சேர முதல் நான் போன கதை வந்து சேர்ந்திருக்கும். ஆம்பிளப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வி இவ்வளவு இல்லை. ஊரின் இதமான காற்று, எருமைத் தயிர் என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னொரு கதையும் இருக்கு. 2006இல் எனக்கு நான்கு வயது. ஷெல்லுக்குப் பயந்து சனம் வெருகல் ஆற்றைக் கடந்து கதிரவெளி, வாகரைப் பக்கம் ஓடினது. அந்த நெரிசலில் அம்மாவின் கை விட்டுப் போச்சாம். அழுதுகொண்டு நின்ற என்னைப் பார்த்து ஒரு வயசான மனிசி "யாரிட பிள்ளை நீ?" என்று கேட்டிருக்கிறா. அப்பாவின் பெயரைச் சொன்னேனாம். பெயர் கேட்டவுடன் அவவுக்கு வீடு தெரிஞ்சிருக்கு, சொந்தம் தெரிஞ்சிருக்கு. இருட்டுறதுக்குள்ள அம்மாவிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறா. காலி வீதியில் அப்பாவின் பெயரைச் சொன்னால் யாருக்கு என்ன தெரியும்?

அதனால் எது நல்லது என்று என்னைக் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. ஊர் என்னைக் கேட்கட்டும். கேட்டுவிட்டு, "சரி பிள்ளை, கவனமாப் போயிட்டு வா" என்று விடவும் பழகட்டும். எங்கட தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் பின்னேர ரியூசன் முடிந்து இருட்டில்தான் வருகிறார்கள். போன கிழமை படலையில் நின்ற மாமியிடம் இதைத்தான் சொன்னேன். "கேக்காம என்னெண்டு பிள்ளை விடுறது?" என்றா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, படலை லைற்றைப் போட்டு விடுறன்" என்றா. இப்போதைக்கு அது காணும்.