சரித்திரம் சோறு போடுமா?

பிளஸ் டூ முடித்ததும் என் பெண், “அம்மா, நான் பி.ஏ. ஹிஸ்டரிதான் சேரப் போறேன்” என்றாள். “சரித்திரம் சோறு போடுமா?” என்று இவர் சிடுசிடுத்தார்.

பால் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தனியார் கல்லூரியில் வருஷத்துக்கு 40,000 ரூபாய், பஸ்ஸுக்குத் தனி. என் வளையல்களை விற்க வேண்டியதுதான்! அரசுக் கல்லூரியில் சில ஆயிரத்தோடு சரி. ஆனால் தமிழ் மீடியம். “இங்கிலீஷ் வராதே” என்று நாத்தனார் இழுத்தாள்.

அவள் படித்த அரசுப் பள்ளியின் தலைமையாசிரியைதான் விளக்கினார். பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீதம் முன்னுரிமை ஒதுக்கீடு உண்டாம். சட்டம் 2010-ல் வந்ததாம். குரூப் 1 தேர்வு எழுத எந்தப் பட்டமும் போதும். டீச்சராக வேண்டுமானால் மேலே இரண்டு வருஷம் பி.எட்.

அரசுக் கல்லூரியிலேயே சேர்த்தோம். 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது. புத்தகச் செலவுக்கு உதவியது. இங்கிலீஷ் பேப்பரைத் தினமும் சத்தமாகப் படிக்க வைத்தேன்.

போன மாதம் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனோம். ராஜராஜன் காலத்து ஆடல் மகளிர் 400 பேரின் பெயரும் அவர்கள் வீடு இருந்த தெருவும் கல்வெட்டில் இருப்பதை அப்பாவுக்குச் சொன்னாள். இவர் வாயடைத்து நின்றார்.

வேலை இன்னும் கிடைக்கவில்லைதான். ஆனால் வளையல்கள் என் கையிலேயே இருக்கின்றன, பி.எட்.டுக்கு!