தேய்ந்த இடங்கள்

பழைய வண்டியொன்றை வீட்டிலேயே பிரித்துப் பூட்டுவோரைப் பார்த்து ஊரார் கேட்கும் முதற்கேள்வி, "இதுவரை எவ்வளவு செலவாயிற்று?" என்பது. அடுத்த கேள்வி, "விற்றால் எவ்வளவு கிடைக்கும்?" என்பது. இவ்விரண்டுக்கும் விடை சொல்லி அலுத்துப்போன நாங்கள், எவரும் கேளாத மூன்றாவது வினா ஒன்றைப் பற்றி இங்கே எழுத விழைகிறோம். எதைப் புதிதாக்குவது, எதைத் தேய்ந்தபடியே விட்டுவைப்பது? உடன்பிறந்தார் இருவர், திண்டுக்கல்லுக்கு அருகே ஒரு பழைய மாட்டுத் தொழுவத்தில், ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் வாரந்தோறும் ஞாயிறு பிற்பகல்களில் குந்தியமர்ந்து யோசித்ததும் வழக்காடியதும் இதைப் பற்றித்தான்.

வண்டி, எங்கள் தந்தையார் 1969இல் வாங்கிய ஜாவா 250. இந்தப் பெயரைக் கேட்டவுடன் தீவு ஒன்றை நினைப்பவர்கள் உண்டு. தீவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. செக் நாட்டின் பிராக் நகரில் 1929இல் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கிய ஜானெச்செக் என்பவரின் பெயரையும், அவர் உரிமம் பெற்றுச் செய்த வாண்டரர் என்னும் ஜெர்மானிய வண்டியின் பெயரையும் முதலெழுத்துகளால் ஒட்டிப் பிறந்த பெயர் அது. நம் நாட்டில் மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் இவ்வண்டியைச் செய்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் யெஸ்டி என்று பெயர் மாறியது. 1996இல் ஆலையே மூடப்பட்டது.

தந்தையார் கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றியவர். வடமதுரை, அய்யலூர், நத்தம் பக்கத்துச் சிற்றூர்களுக்கு அவர் இந்த வண்டியில்தான் போவார். பின்புறக் கேரியரில் பனிக்கட்டி நிரப்பிய தடுப்பூசிப் பெட்டி கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருக்கும். அந்நாளில் மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய்க்கான மருந்து அது. பனிக்கட்டி உருகுமுன் ஊர் போய்ச் சேரவேண்டும். மாடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்புமுன்னும் சேரவேண்டும். ஆகவே விடியுமுன்பே எங்கள் தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும். 1989இல் அவர் ஓய்வு பெற்றார், 1993இல் காலமானார். அன்று தொழுவத்தில் சாத்திய வண்டி முப்பதாண்டுகள் வைக்கோலுக்கும் கோழிகளுக்கும் நடுவே நின்றது.

தலைப்பாகத்தைக் கழற்றிப் பார்த்தபோது பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போயிருந்தது. இந்த இடத்தில் சுத்தியலைத் தேடுவோர் பலர். சுத்தியல் விழுந்தால் பிஸ்டனும் போகும், இணைப்புத் தண்டும் வளையும். நாங்கள் டீசலும் என்ஜின் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். பிறகு வேப்பங்கட்டை ஒன்றை மேலே வைத்து மெல்லத் தட்டினோம். பதின்மூன்றாம் நாள் மாலையில் ஒரு நூலளவு நகர்ந்தது. அந்த நூலளவுக்காக இருவரும் கைதட்டியதைப் பார்த்து வீட்டிலுள்ளோர் சிரித்தனர்.

கழுவிப் பார்த்தபோது பிஸ்டனின் தலையில் 0.50 என்ற எண் வெட்டப்பட்டிருந்தது. இதன் பொருள் அறிந்தவர்க்கு அது ஒரு கடிதம் போன்றது. புதிதில் 65 மில்லிமீட்டர் விட்டமுடைய சிலிண்டர் ஓடி ஓடித் தேய்ந்து, கடைசல் பட்டறையில் சற்று அகலமாகக் கடையப்பட்டு, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடப்பட்டிருக்கிறது. எத்தனை ஊர், எத்தனை மழை, எத்தனை புழுதி சேர்ந்தால் வார்ப்பிரும்பு அவ்வளவு தேயும் என்று கணக்கிட எங்களால் இயலவில்லை. இப்போது மீண்டும் ஒரு கடைசல் தேவைப்பட்டது.

ஈரடி இயந்திரத்தின் நுட்பம் அதன் எளிமையிலேயே இருக்கிறது. வால்வு, கேம் எதுவும் கிடையாது. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் தலைக்கு மேலுள்ள கலவையை அழுத்துகிறது. அதே வேளையில் கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் புதுக்கலவையை உறிஞ்சுகிறது. இறங்கும்போது புகைவாயிலைத் திறந்துவிட்டு, கீழே அடைபட்ட கலவையைப் பக்கவழியாக மேலே தள்ளுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. கிராங்க் அறையே பம்பாக வேலை செய்வதால் அங்கே தனியாக எண்ணெய் தேக்கிவைக்க வழியில்லை. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துவிட வேண்டும். அது உயவு தந்து, எரிந்து, புகையாகிப் போய்விடும். அந்த அறை காற்றுப்புகாமல் இருப்பதுதான் இதன் உயிர்நிலை. கிராங்க் தண்டின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள் முப்பதாண்டில் கருவாடாய் உலர்ந்திருந்தன. ஒருபுறச் சீல் விட்டால் வெளிக்காற்று புகுந்து கலவை நீர்த்து இயந்திரம் கொதிக்கும். கிளட்ச் இருக்கும் மறுபுறச் சீல் விட்டால் கியர் எண்ணெய் உள்ளே போய் வெண்புகை கக்கும். கார்புரேட்டரைப் பத்துமுறை கழற்றி மாட்டியும் வண்டி சீராக ஓடவில்லை என்று புலம்புவோர், பெரும்பாலும் இந்த இரு ரப்பர் வளையங்களை மறந்தவர்களே என்பது எங்கள் கணிப்பு.

உதிரிப் பாகங்களுக்காகக் கோவை உக்கடத்துக்கும் சென்னைப் புதுப்பேட்டைக்கும் அலைந்த கதையை விரித்தால் இதழ் போதாது. எண்ணெய்த் தொட்டியின் கதையை மட்டும் சொல்லிவிடுகிறோம். உள்ளே துரு பொருக்குப் பொருக்காய்ப் படிந்திருந்தது. அமிலம் வாங்கக் கிளம்பியவர்களைத் தாயார் தடுத்தார்: "குத்துவிளக்கு தேய்க்கிற புளி இருக்கு, அது போதாதாடா?" எண்பத்திரண்டு வயதுக்காரரின் வேதியியலை மறுப்பானேன் என்று, பழம்புளியைக் கெட்டியாய்க் கரைத்து ஊற்றி, சைக்கிள் சங்கிலித் துண்டொன்றை உள்ளே போட்டு, நான்கு நாள் ஊறவைத்துக் குலுக்கினோம். கறுத்த சாறாய்த் துரு இறங்கிற்று. சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, வெயிலில் காயவைத்து, உடனே எண்ணெய் ஊற்றிச் சுழற்றிவிட்டோம். சைலன்சருக்குள் இருக்கும் குழாய்களின் கரியைக் காஸ்டிக் சோடா கரைத்தது. ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கு இரண்டு சைலன்சர் எதற்கு என்று கேட்கும் இளைஞர்களுக்கு, சிலிண்டரிலேயே இரண்டு புகைவாயில்கள் இருப்பதைக் காட்டுவதில் எங்களுக்கு ஒரு சிறிய பெருமை.

வழக்கு எழுந்தது வண்ணம் பூசும் வேளையில். எங்களுள் மூத்தவர், வண்டி ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்ததைப் போல ஆகவேண்டும் என்றார்: கருஞ்சிவப்பு வண்ணம், கையால் இழுத்த பொன்னிறக் கோடு, தொட்டியின் இருபக்கமும் கண்ணாடிபோன்ற குரோமியம். இளையவர், அழுக்கைப் போக்கினால் போதும், அப்பாவை அழிக்கவேண்டாம் என்றார். இரு வாரங்கள் தொழுவத்துக்கு யாரும் போகவில்லை. அண்ணன் தம்பி உறவில் நிலத்தகராற்றைக் காட்டிலும் சிறிய காரணங்களே நெடுநாள் நீடிப்பதை வாசகர்கள் அறிவார்கள். தந்தையார் இறந்த பிறகு நாங்கள் இருவரும் ஒரே வேலையில் கைவைத்தது இந்த வண்டியில்தான். இதுவும் நின்றுவிடுமோ என்ற அச்சம் இருவருக்கும் இருந்தது. சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்றாம் ஞாயிறன்று இருவரும் தனித்தனியே வந்து சேர்ந்தோம். மூத்தவர் கேரியரை எடுத்து உப்புத்தாள் கொண்டு தேய்க்கத் தொடங்கினார். அதன் குறுக்குக் கம்பிகளில் நான்கு இடங்களில் இரும்பு பள்ளமாய்க் குழிந்திருந்தது. கட்டிலில் அமர்ந்திருந்த தாயார் எட்டிப் பார்த்து, "அதை ஏன்டா தேய்க்கிற? உங்கப்பா மருந்துப் பொட்டி ஒரசுன எடம்டா அது" என்றார். உப்புத்தாள் நின்றது. இருபது ஆண்டுகள், தகரப் பெட்டியின் நான்கு மூலைகளும் அதே நான்கு இடங்களில் அதிர்ந்து அதிர்ந்து இரும்பைத் தின்றிருக்கின்றன. நம் நாட்டில் வெக்கை நோய் கடைசியாகக் கண்டது 1995இல். உலகிலேயே அந்நோய் இல்லை என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பை அப்பா கேட்கவில்லை. அவருடைய பங்குக்கு எங்களிடம் இருக்கும் சான்று இந்த நான்கு பள்ளங்கள்தாம்.

அதன் பின் பேச்சு எளிதாயிற்று. ஓடுவதற்குத் தேவையானவை எல்லாம் புதியவை: பிஸ்டன், வளையங்கள், பேரிங், சீல், கம்பிகள், டயர். பார்வைக்கானவற்றில் மட்கார்டுகளுக்கு மட்டும் புதுவண்ணம். அவை அரித்து ஓட்டையாகியிருந்தன. கேரியர், முழங்கால் அழுந்தி வழவழப்பான தொட்டியின் ரப்பர் பட்டைகள், மிதித்து ஒருபக்கம் சாய்ந்த கிக்கர் ஆகியவை அப்படியே. இந்த வண்டியில் கிக்கரும் கியர் நெம்புகோலும் ஒன்றே என்பதால், அந்த ஒரு துண்டு இரும்பில் இருவகை உழைப்பின் தேய்மானம் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இவ்வகை இயந்திரம் சாலையை விட்டுப் போனது நியாயமே. புகைவாயிலும் பக்கவழியும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி அப்படியே வெளியேறும். எண்ணெய்ப் புகை வேறு. 2000இல் நாடெங்கும் வந்த மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இவற்றுக்கு முடிவு கட்டத் தொடங்கியபோது கண்ணீர் விட்டவர்கள், நெரிசலான தெருவில் இதன் பின்னால் சைக்கிளில் போனவர்களாக இருக்கமாட்டார்கள். எங்கள் வீட்டிலேயே மூச்சிரைப்பு உள்ள பேத்தி ஒருத்தி இருக்கிறாள். வண்டியை முதன்முதலாகக் கிளப்பும் நாளில் அவளும் இருக்கவேண்டும் என்று தாயார் விரும்பினார். ஆகவே தொழுவத்தில் கிளப்பாமல், வயல்வெளி வரை தள்ளிக்கொண்டு போய், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று துண்டைப் பிடித்துப் பார்த்து, குழந்தையையும் பாட்டியையும் காற்றுக்கு எதிர்ப்புறம் நிறுத்தினோம். ஏழாவது உதையில் பிடித்தது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, "அவரு இதைவிட மெதுவாப் பொறப்படுவாரு" என்றார். வேகத்தைக் குறைத்தோம்.

ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் ஊர்திகளாகப் பதிவதற்கு 2021இல் நடுவண் அரசு விதி வகுத்திருக்கிறது. புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அந்தப் பதிவைப் பெற்றால் அன்றாடப் போக்குவரத்துக்கு வண்டியை எடுக்க இயலாது. எங்களுக்கும் அது தேவையில்லை. தந்தையார் பெயரிலுள்ள பழைய புத்தகத்தை எங்கள் பெயருக்கு மாற்றும் வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதாலும், எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதாலும், ஒவ்வொரு முறையும் ஓட்டி முடித்ததும் தொட்டியை வடித்துவிடுகிறோம். லிட்டருக்கு 40 மில்லி எண்ணெய் அளந்து ஊற்றுவது பேத்தியின் பொறுப்பு. அப்பாவின் அலுமினியக் குவளையில்தான் அளக்கிறாள். வலப்பக்கச் சைலன்சரின் வாயில் இன்னும் கறுப்பாய்ச் சொட்டுகிறது. வரும் ஞாயிறன்று அதைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.