மினு ஏன் கடிக்கிறது?

எங்கள் வீட்டுப் பூனை மினு போன மாதம் என்னைக் கடித்தது. பெரிய கடி இல்லை. மடியில் படுத்துக் குர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, சட்டென்று திரும்பி என் விரலைப் பல்லுக்கு நடுவே பிடித்துக்கொண்டது. தோல் கிழியவில்லை. ஆனால் மருமகள் பார்த்துவிட்டாள்.

"மாமா, வீட்டுல நாலு வயசுப் பிள்ளை இருக்கு. இதை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த மகனும் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டினான்.

எனக்குத்தான் மனசு வரவில்லை. பாலாற்றுப் பக்கமிருந்து மினுவை எடுத்து வந்தது என் மனைவி. அப்போது கண் திறந்து சில நாள்தான் இருக்கும். இங்க் ஃபில்லரில் பால் புகட்டினாள். பெயர் நான் வைத்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் அல்லவா, பிரெஞ்சுக்காரர்கள் பூனையைச் செல்லமாகக் கூப்பிடும் சொல் அது. அவள் போய் மூன்று வருஷமாகிறது. அவளை மினு கடித்து நான் பார்த்ததே இல்லை.

அதனால் பதினைந்து நாள் கவனித்தேன். குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் குறித்துவைப்பதுதானே தெரியும்! பழைய டைரி ஒன்றில் எழுதிவந்தேன். தடவ ஆரம்பித்ததும் கடிப்பதில்லை. ஆறேழு தடவலுக்குப் பிறகு வால் நுனி துடிக்கிறது. பிறகு முதுகுத் தோல் சிலிர்க்கிறது. காது பக்கவாட்டில் மடங்குகிறது. அப்போதும் கை நிற்காவிட்டால்தான் பல். ஆபீஸ் பாஷையில் சொன்னால், முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, மூன்றாம் நினைவூட்டு. எதற்கும் பதில் இல்லாததால் ஆளே நேரில் வந்துவிட்டார். வயிற்றில் கை வைத்தால் நினைவூட்டே கிடையாது.

தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். குட்டிகள் ஒன்றையொன்று கடித்துத்தான் விளையாடுமாம். அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு கடிக்கலாம் என்பதை அப்படித்தான் கற்றுக்கொள்கின்றன. மினுவுக்குக் கூடப்பிறந்தவர்களோடு இருக்கும் கொடுப்பினை இல்லை. போதாததற்கு என் பேத்தி விரலை ஆட்டி ஆட்டி அதைப் பாய வைத்திருக்கிறாள். விரல் எலியாகிவிட்டது. இப்போது கயிற்றில் துணி கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

என் மனைவி முருங்கைக்கீரை உருவும்போது மினு பக்கத்தில் வந்து உட்காரும். தாடைக்குக் கீழே இரண்டு தடவல், கை மறுபடி கீரைக்குப் போய்விடும். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் தடவிக்கொண்டிருக்க அவளுக்கு ஏது நேரம்? அது ரிட்டயரான எனக்குத்தான் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் விளையாட்டு கூடாது. பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. வெறிநோய் பூனையாலும் வரும். 1885 ஜூலை 6 அன்று லூயி பஸ்தேர், நாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மெய்ஸ்தருக்கு முதல் ஊசி போட வைத்த கதையைப் பள்ளியில் படித்திருக்கிறேன். அந்தப் பாடத்தை மருமகளுக்குச் சொல்லி, மினுவின் தடுப்பூசி அட்டையையும் காட்டினேன். "பார்க்கலாம் மாமா" என்றாள்.

நேற்றுச் சாயங்காலம் பேத்தி திண்ணையில் மினுவைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு... வால் ஆடுது தாத்தா!" என்று கையை எடுத்துக்கொண்டாள். மருமகள் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு மினுவின் தட்டில் மீன் தலை இருந்தது. நான் வைக்கவில்லை.