ஒருசந்தியும் ஒரு குவளை சாக்லேட்டும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில், மார்கழிக் குளிர் அனைவரையும் சுக்குக் காப்பியைத் தேட வைக்கும். எம் பங்கு இல்லத்திலோ, அதே சுக்கைக் கொண்டு சாக்லேட் பானமும் காய்ச்சுவதுண்டு. செய்முறை எளிது. இரண்டு கரண்டி கோகோத் தூளைச் சிறிது வெந்நீரில் கட்டியின்றிக் குழைத்து, இரண்டு குவளைப் பாலில் சேர்த்து, சுக்கு, பட்டை, ஏலம், ஒரு சிட்டிகை மிளகுத்தூள் இட்டுக் கொதிக்க விடுவோம். நாட்டுச் சர்க்கரையை இறக்கிய பின்னரே கலப்போம். கொதிக்கையில் இட்டால் பால் திரிந்துவிடக்கூடும்.

பின்னர் இரு பாத்திரங்களுக்கிடையே உயர்த்தி ஆற்றினால் நுரை பொங்கும். இது நம் தேநீர்க் கடைக்காரரின் கைவண்ணம் மட்டுமன்று. மெக்சிகோவின் அஸ்தெக் மக்களும் கோகோவில் மிளகாய் கலந்து, இவ்வாறே உயரத்திலிருந்து ஊற்றி நுரை எழுப்பினர். 16ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற இஸ்பானியர் அதனைச் சூடாக்கிச் சர்க்கரையும் பட்டையும் சேர்த்தனர். நம் மத்தினை ஒத்த மரக்கோலால் கடைந்தனர்.

அப்பானம் ஐரோப்பாவை அடைந்தபோது ஒரு வினாவும் உடன் எழுந்தது: ஒருசந்தி நாளில் இதை அருந்தலாமா? பானம் நோன்பை முறிக்காது என்று கர்தினால் பிரன்காச்சோ 1664இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். சென்ற தவக்காலத்தில், இரவுப் பணி முடித்து வந்த தொழிற்சாலை இளைஞர் ஒருவரும் எம்மிடம் அதையே கேட்டார்: "சாமி, ஒருசந்தி அன்னைக்கு இதைக் குடிக்கலாமா?"

"குடிக்கலாம் தம்பி" என்றோம். ஆயினும் வினா அத்துடன் முடிந்துவிடவில்லை. 1753இல் லின்னேயஸ் இம்மரத்திற்குச் சூட்டிய பெயருக்குத் 'தெய்வங்களின் உணவு' என்பது பொருள். அதை விளைவிப்போரோ பெரும்பாலும் ஏழைகள். உலகக் கோகோவில் பாதியளவு ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விளைகிறது. அங்குத் தோட்டங்களில் வெட்டுக்கத்தி ஏந்தி உழைப்போரில் சிறுவரும் பலர் உளர். நம் அண்டை மாநிலத்திலோ, உழவர் கூட்டுறவான காம்ப்கோ 1986இல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே நிறுவியது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் கோகோ ஊடுபயிராகிறது.

இவற்றைக் கேட்ட இளைஞர் குவளையைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். அவர் செய்யும் உதிரிப்பாகம் எத்தனையோ வண்டிகளில் ஓடுகிறது. எதிலும் அவர் பெயர் இராது. "அந்தப் பசங்க இதை ஒரு தடவையாவது குடிச்சிருப்பாங்களா, சாமி?" என்றார்.

அன்பர்களே, உண்ணாமையால் மட்டும் நோன்பு நிறைவதில்லை. நம் குவளையை நிரப்பிய கைகளுக்கு உரிய கூலி சென்று சேர்ந்ததா என்று கேட்டு வாங்குவதும் நோன்பேயாகும்.