பென் நெவிஸ் உச்சியும் ஒரு கண்ணாடிக் கலமும்

ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் ஊரை ஒட்டி, லின்னி என்னும் கடற்கழி நிலத்துக்குள் நெடுந்தூரம் புகுந்து கிடக்கிறது. அதன் மேல் வீசும் தென்மேற்குக் காற்றில் ஈரம் நிறைய உண்டு, கண்ணுக்குத்தான் தெரியாது. அதே காற்று பக்கத்திலிருக்கும் பென் நெவிஸ் மீது ஏறியதும் வெள்ளை மேகமாகிவிடுகிறது. 1,345 மீட்டர், பிரிட்டனில் இதைவிட உயரமான மலை கிடையாது. அந்த மாற்றத்தை அது நிகழும் இடத்திலேயே பார்க்க ஆசைப்பட்டுத்தான் ஏறினேன்.

பாதி வழியில் ஒரு சிற்றேரி. அதைத் தாண்டினால் மாறி மாறித் திரும்பும் கல்பாதை. ஒரு திருப்பத்தில், முன்னே போனவரின் சிவப்பு மழைக்கோட்டு மங்கி மறைந்தது. என் கம்பளிச் சட்டையின் ஒவ்வொரு மயிரிழை நுனியிலும் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். மழை பெய்யவில்லை. கடலோரத்தில் கண்ணுக்குத் தெரியாமலிருந்த நீராவிதான் இங்கே துளியாகிக்கொண்டிருந்தது.

மலைமேல் குளிர், அதனால் காற்றும் குளிர்ந்தது என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. உயரப் போகப்போக அழுத்தம் குறைவதால் ஏறிவரும் காற்று விரிகிறது. விரிய வேண்டுமென்றால் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும். தள்ளுவது வேலை, வேலைக்கு ஆற்றல் வேண்டும். வெளியிலிருந்து வெப்பம் வந்து சேர அவகாசமில்லை. ஆகவே தன் மூலக்கூறுகளின் வேகத்திலிருந்தே காற்று அதை எடுத்துச் செலவிடுகிறது. வேகம் தளர, வெப்பநிலை இறங்குகிறது. வெப்பப் பரிமாற்றமில்லா விரிவு என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதைத்தான். மேகம் கட்டாத காற்று 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் குளிரும். மேகம் கட்டத் தொடங்கினால் நீராவி வெளிவிடும் வெப்பம் காற்று குளிரும் வேகத்தைக் குறைத்துவிடும்.

இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. எதிரே தள்ள எதுவுமில்லாத வெற்றிடத்துக்குள் நல்லியல்பு வாயு விரிந்தால் அதன் வெப்பநிலை மாறுவதே இல்லை. காற்றைக் குளிர்விப்பது விரிவு அல்ல, அந்த உழைப்பு!

உச்சியில் பழைய வானிலை ஆய்வு நிலையத்தின் தடித்த கற்சுவர்கள் இடிந்து நிற்கின்றன. 1883 முதல் 1904 வரை இயங்கிய நிலையம். 1894 செப்டம்பரில் இங்கே இரண்டு வாரம் பணியாற்ற வந்தவர் இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன், அப்போது வயது 25. கீழே கிடந்த மேகத்தின் மீது வெயில் பட்டுத் தோன்றிய வண்ண வளையங்களும், மேகத்தில் விழுந்த நிழலைச் சுற்றிய ஒளிவட்டமும் அவரை விடவில்லை. அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் தானே மேகம் செய்யத் தொடங்கினார். ஈரக்காற்று அடைத்த கண்ணாடிக் கலம். அதன் கொள்ளளவைச் சட்டென்று கூட்டும் உந்துதண்டு. இவ்வளவுதான் கருவி. மலை செய்வதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்தது.

முதல் சில விரிவுகளில் தூசியைச் சுற்றித் துளி கட்டி அடியில் படிந்துவிடும், காற்று சுத்தமாகும். அப்புறம் லேசாக விரித்தால் ஒன்றும் நடக்காது. ஆனால் கொள்ளளவை 1.25 மடங்காக்கியதும் தூசியே இல்லாத காற்றிலும் துளிகள் தோன்றின. 20 டிகிரியில் இருக்கும் காற்று அந்த ஒரே விரிவில் சுமார் மைனஸ் 5 டிகிரிக்கு இறங்கும் என்பது நான் கணக்குப் போட்டுப் பார்த்தது. தூசி இல்லாத இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு துளி கட்டியது? மின்னேற்றம் பெற்ற அயனிகளை. எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் துளிகள் பெருகின. 1911-இல், கலத்தைக் கடந்துபோன ஆல்ஃபா துகள்களின் பாதை முகில் கோடாகத் தெரிந்தது, படமும் எடுத்தார். 1927-இல் நோபல் பரிசு வந்தது.

வில்சன் தேடியது மேகத்தின் வண்ணங்களை மட்டுமே. முகில் அறை என்று பெயர் பெற்ற அவருடைய கலமோ அணுவுக்குள் பார்க்கும் கண்ணாகிவிட்டது. 1932-இல் கார்ல் ஆண்டர்சன் எலெக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானைக் கண்டதும் முகில் அறையில்தான்: ஈயத் தகட்டைத் துளைத்து, காந்தப் புலத்தில் எலெக்ட்ரான் வளைய வேண்டிய திசைக்கு நேர் எதிரே வளைந்த ஒரு மெல்லிய கோடு.