ழகரம் கைமாறும் இடம்

ஒலிபெருக்கி விற்பவர்களின் மொழியைச் சற்றுக் கூர்ந்து கவனித்தவர்களுக்கு ஒரு வேடிக்கை பிடிபட்டிருக்கும். ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேசும்வரை வாட், ஓம் என்று கணக்காகப் பேசுபவர்கள், ஒலிபெருக்கி என்று வந்ததும் உரைகல்லைக் கையிலெடுத்த பொற்கொல்லர்களாக மாறிவிடுகிறார்கள். காகிதக் கூம்பு என்றால் இதம். பட்டு என்றால் மென்மை. அலுமினியம் என்றால் கூர்மை, சில வேளை கூச்சம். வைரம் என்றால் தூய்மை, கேட்பவருக்கோ விலை. இலக்கணம் படித்தவர்கள் இதை ஒருவகை ஆகுபெயர் என்று எளிதில் கண்டுகொள்ளலாம். கை தொட்டறிந்த பொருளின் குணம், காது கேட்கும் ஒலிக்கு ஆகி வருகிறது. பட்டைத் தடவியவர் பட்டாகவே கேட்கிறார்.

எங்கள் வீட்டில் ஆசிரியர்கள் இருவர். ஒருவருக்குத் தமிழ், மற்றவருக்கு இயற்பியல். ஆகவே இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருமிடங்களிலெல்லாம் ஒரு சிறிய விவாதம் அப்போதுதான் ஓய்ந்திருக்கிறது என்று வாசகர்கள் கொள்ளலாம். தமிழ்த் தரப்பு வாதம் எளிமையானது: பொருளைப் பற்றிப் பேசுவது வணிகத் தந்திரம் மட்டுமல்ல, பழைய மரபும்கூட. பொருநராற்றுப்படை யாழை வருணிக்கும்போது நரம்பிலிருந்து தொடங்குவதில்லை. பத்தரிலும் அதன்மேல் இழுத்துப் போர்த்திய தோலிலும் தொடங்கி, நரம்புக்குப் பிறகுதான் வருகிறது. ஒலி எங்கே பிறக்கிறது என்பதைவிட அது எதன்வழியே வெளியேறுகிறது என்பது அப்புலவருக்கு முதன்மையாக இருந்திருக்கிறது. இயற்பியல் தரப்பு இதை மறுக்கவில்லை. ஆனால் யாழுக்குத் தன் குரல் வேண்டும், ஒலிபெருக்கிக்குத் தன் குரல் இருக்கவே கூடாது என்றது. இந்த வேறுபாட்டில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அதோடு ஒட்டிய கூம்பு. சுருள் அசைய, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இல் வெளியிட்ட இந்த அமைப்பு அடிப்படையில் இன்றும் மாறவில்லை. தாழ்ந்த அதிர்வெண்களில் கூம்பு முழுவதும் ஒரே உடலாக முன்னும் பின்னும் போய்வருகிறது. அப்போது அது காகிதமா தகரமா என்பது காற்றுக்குத் தெரியாது. அதிர்வெண் ஏற ஏற ஒரு கட்டத்தில், நடுப்பகுதி அடுத்த அசைவுக்குப் போய்விட்ட பிறகும் விளிம்பு பழைய அசைவிலேயே நிற்கிறது. கூம்பு தன்னுள்ளேயே அலையாக நெளிகிறது. ஒரு பகுதி காற்றைத் தள்ள, மறுபகுதி இழுக்கிறது. பொருள் வாய்திறப்பது அங்கேதான்.

அந்த நெளிவைத் தள்ளிப்போட வேண்டுமானால் கூம்பு விறைப்பாகவும் எடையற்றும் இருக்க வேண்டும். வந்தபிறகு அடக்க வேண்டுமானால் பொருள் அதிர்வைத் தனக்குள் விழுங்கிக்கொள்வதாக இருக்க வேண்டும். இவை ஒரே பொருளில் கூடி அமைவது அரிது. ஓர் அலுமினியத் தட்டைச் சுண்டினால் ஓசை நீள்கிறது. ஓர் அட்டையைச் சுண்டினால் 'தொப்'பென்று அடங்குகிறது. உலோகக் கூம்பு நெடுநேரம் ஒழுங்காக நடந்து, கடைசியில் பெருங்கூச்சலுடன் குலைகிறது. காகிதமோ சீக்கிரமே குலையத் தொடங்கினாலும் அதைப் பெரிதாக வெளியே காட்டிக்கொள்வதில்லை. மனிதர்களிலும் இவ்விரு வகையினர் உண்டு. அதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

உலோகத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. உச்ச ஒலிகளுக்கான 25 மில்லிமீட்டர் அலுமினியக் குமிழ் டுவீட்டர் குலைவது பெரும்பாலும் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. குழந்தைகளின் காதுகூட அங்கே போவதில்லை. ஆகவே, தகரச் சத்தம் என்று நாம் முகம் சுளிப்பது பல நேரங்களில் தகரத்தின் சத்தமன்று, வடிவமைப்பின் சத்தம். ஆனால் அதே அலுமினியத்தில் பதினாறு சென்டிமீட்டர் வூஃபர் செய்தால் கதை வேறு. அது ஏறத்தாழ 5000 முதல் 8000 ஹெர்ட்ஸுக்குள், காது விழித்திருக்கும் இடத்திலேயே மணியடிக்கிறது. கிராஸ்ஓவர் சுற்று அந்தப் பகுதியை வெட்டிவிடுமே என்றால், முழுவதும் வெட்டுவதில்லை. கூம்பு 6000இல் மணியடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 2000 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று வரும்போது, சுருளும் காந்தமும் தம் குறைபாட்டால் அதன் மும்மடங்கான 6000ஐ உண்டாக்கிக்கொள்கின்றன. சுற்றைத் தாண்டிய பிறகு பிறக்கும் இந்தச் சுரத்தைச் சுற்று என்ன செய்ய முடியும்?

தேடல் எங்கெல்லாமோ போயிருக்கிறது. யமஹா 1974இல் பெரிலியத்தைக் குமிழாக்கியது. அலுமினியத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5000 மீட்டர் ஓடும் என்றால், பெரிலியத்தில் 12,000க்கும் மேல். அதன் தூசியோ நுரையீரலுக்கு நஞ்சு. 2005இல் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் செயற்கை வைரக் குமிழைக் கொண்டுவந்தது. ஜப்பானின் ஜேவிசி மெல்லிய மரத்தகட்டை அரிசி மதுவில் ஊறவைத்து, வெடிக்காமல் கூம்பாக வளைத்து, 2003இல் விற்பனைக்கு விட்டது. ஃபாஸ்டெக்ஸ் நிறுவனத்தின் சில கூம்புகளில் வாழைநார் இருக்கிறது. பூத்தொடுக்கும் நாரில் பாட்டு வருகிறது என்பது எங்களுக்கு ஏனோ மிகவும் பிடித்துப்போன செய்தி.

இந்த வரலாற்றில் எங்களை அதிகம் ஈர்த்த பகுதி பிபிசியின் ஆய்வுப் பிரிவில் நடந்தது. அவர்களுக்கு அளவுகோல் இசை மட்டுமல்ல, பேச்சு. அறிவிப்பாளர் பக்கத்து அறையில் பேசுவார். ஒலிபெருக்கியில் வரும் அவர் குரலையும் நேரில் கேட்கும் குரலையும் பொறியாளர்கள் ஒப்பிடுவார்கள். காகிதக் கூழில் அவர்கள் கண்ட பெரிய குறை ஒலியைவிட ஒழுங்கு பற்றியது: ஒரு தொகுதியைப் போல அடுத்த தொகுதி அமைவதில்லை. ஆகவே 1960களில் பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அது தானாக அடங்காது. அதிர்வை விழுங்கும் ஒரு பூச்சைத் தூரிகையால் பூச வேண்டியிருந்தது. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களின் தொடக்கத்தில் உருவான எல்எஸ்3/5ஏ என்ற சிறிய பெட்டியின் கூம்பு அப்படிப்பட்டதுதான். பிறகு அங்கே பணிபுரிந்த டட்லி ஹார்வுட், பூச்சில்லாமலே அடங்கும் பாலிப்ரொப்பிலீனைக் கண்டடைந்து, 1977இல் ஹார்பெத் என்ற தம் நிறுவனத்தைத் தொடங்கினார். வாளியும் நாற்காலியும் செய்யும் அதே பிளாஸ்டிக்.

பூச்சு என்றதும் மிருதங்கம் நினைவுக்கு வராமல் இருக்காது. வலந்தலையின் நடுவே இருக்கும் கரும்பசைச் சோறு, தோலின் ஒழுங்கற்ற மேற்சுரங்களை ஒன்றோடொன்று இசையும்படி வரிசைப்படுத்துகிறது என்பதை சி.வி. ராமன் 1920இலேயே எழுதினார். அதுவும் சவ்வின்மேல் பூச்சு. இதுவும் சவ்வின்மேல் பூச்சு. ஒன்று பேசவைப்பதற்கு, மற்றது வாயடைப்பதற்கு.

இனி வீட்டுக்கு வருகிறோம். அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், எண்பதைக் கடந்தவர். மாலைகளில் அவருக்குச் சொற்பொழிவுகள் வேண்டும், பழைய ஒலிநாடாக்களிலிருந்து நாங்கள் மாற்றிக் கொடுத்தவை. அவற்றை 1980களில் வாங்கிய ஒரு ஜோடிப் பெட்டிகளில்தான் கேட்பார்: காகிதக் கூம்பு, அதன் நடுவே ஒட்டிய சிறு துணைக்கூம்பு, சுற்றிலும் நுரை விளிம்பு. காகிதம் நிலைத்தது, நுரைதான் ஈரக்காற்றில் மக்கி, ஒருநாள் விரல் பட்டதும் பிட்டுபோல் உதிர்ந்தது. பழுதுபார்ப்பவர், "இந்தக் கோன் இப்ப கிடைக்காது சார், பிளாஸ்டிக் போட்டுத் தரேன், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்று உறுதிகூறி, பாலிப்ரொப்பிலீன் வூஃபரும் ஒரு சிறு டுவீட்டரும் பொருத்தித் திருப்பிக் கொடுத்தார். டுவீட்டருக்கு ஒற்றைக் கெபாசிட்டர். வேறு சுற்று எதுவுமில்லை.

பாட்டு முன்னிலும் செழிப்பாக ஒலித்தது. அப்பா இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் நிறுத்திவிட்டு, "பேசுறவர் பல்லைக் கழட்டி வெச்சுட்டுப் பேசுறார்" என்றார். பிளாஸ்டிக்கைத் திட்டினார். அதன்பின் மாலைகளில் பெட்டியைப் போடவே இல்லை. காதுக்கருவி இழுப்பறையில் இருந்தது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். பெட்டி மௌனமானதும், அந்த வீட்டில் அவரோடு பேச மிச்சமிருந்த குரல்களில் பெரும்பகுதி நின்றுபோனது என்பதை நாங்கள் கவனிக்காமலில்லை.

பிளாஸ்டிக்கைக் குற்றவாளியாக்க இயற்பியல் தரப்பு ஒப்பவில்லை. மனிதக் குரலுக்காகவே உலகெங்கும் மதிக்கப்படும் ஒலிபெருக்கிகள் அதே பொருளில் செய்யப்பட்டவை ஆயிற்றே. ஒரு மைக்ரோபோனை நாற்காலியில் வைத்து அளந்து பார்த்தோம். வளைகோட்டில் 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் ஒரு பள்ளம் விழுந்து, 4000ஐ நெருங்கித்தான் மேலேறியது. பிளாஸ்டிக் கூம்பு ஓய்ந்துவிட்டது; டுவீட்டர் இன்னும் தொடங்கவில்லை. இடையில் எவருமில்லை.

தமிழ்த் தரப்பு உடனே ஒலியியல் புத்தகத்தைத் தேடி எடுத்தது. லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் பிரித்துக் காட்டும் ஒத்ததிர்வுகள் பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கின்றன. ழகரத்துக்காக நாக்கு பின்னோக்கி வளையும்போது மூன்றாம் ஒத்ததிர்வு கீழே இறங்கி இரண்டாவதை நெருங்குகிறது. லகரத்தில் அது மேலே விலகி நிற்கிறது. இரண்டு வழி ஒலிபெருக்கிகளில் வூஃபரிலிருந்து டுவீட்டருக்கு ஒலி கைமாறுவதும் வழக்கமாக 2000க்கும் 3500க்கும் இடையில்தான். அதாவது, ஒரு 'ழ' காதுக்கு வந்துசேர்வதற்குள், பாதியைக் காகிதமும் மீதியைப் பட்டும் சொல்ல வேண்டியிருக்கலாம். எந்தப் பொருள் எந்த அதிர்வெண்வரை ஒழுங்காக நிற்கும் என்பதே அந்தக் கைமாற்றம் எங்கே நடக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. பொருளின் உண்மையான செல்வாக்கு இதமும் கூர்மையுமல்ல, இதுதான்.

பழைய பெட்டி என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் அப்போது விளங்கிற்று. ஒரே காகிதக் கூம்பும் அதில் ஒட்டிய துணைக்கூம்பும், கைமாற்றும் சுற்று எதுவுமில்லாமல் முழுக் குரலையும் சொல்லிக்கொண்டிருந்தன. அத்தகைய கூம்புகள் 2000க்கு மேலே நெளியத் தொடங்கி, அந்தப் பகுதியைச் சற்று உரக்கவே சொல்வது வழக்கம். அளவுகோலுக்கு அது குறை. உச்ச அதிர்வெண்களை ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருந்த ஒரு முதிய காதுக்கு அது ஊன்றுகோல். அப்பா பாராட்டிய 'காகிதத்தின் தெளிவு' காகிதத்தின் பிழைதான்.

புதிதாக ஒரு ஜோடி செய்தோம்: பதின்மூன்று சென்டிமீட்டர் காகிதக் கூம்பு, ரப்பர் விளிம்பு, பட்டுக் குமிழ், 2500 ஹெர்ட்ஸை ஒட்டிக் கைமாற்றும் முறையான சுற்று. பிளாஸ்டிக்கிலும் செய்திருக்கலாம். காகிதம் என்று சொன்னால் அப்பா உட்கார்ந்து கேட்பார் என்பதும் ஒரு காரணம், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காரணமே சோதனையைக் கெடுத்துவிடுமே என்ற கவலையும் வந்தது. ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் காட்டியது இதைத்தான்: ஒலிபெருக்கியைக் கண்ணால் பார்த்துக்கொண்டு மதிப்பிடுபவர்களின் தீர்ப்பு, பார்க்காமல் மதிப்பிடும் அதே மனிதர்களின் தீர்ப்பிலிருந்து விலகிவிடுகிறது. அளவும் அழகும் விலையும் காதுக்குள் புகுந்துவிடுகின்றன.

ஆகவே கூடத்தில் குறுக்கே ஒரு வேட்டியைக் கட்டினோம். அதன் பின்னால் பழுதுபார்த்த ஜோடியும் புதிய ஜோடியும். உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும் என்பதால் இரண்டின் சத்த அளவையும் சமப்படுத்தினோம். எங்களில் ஒருவர் படித்துப் பதிவுசெய்த சொற்கள்: ஒலி, ஒளி, ஒழி, வால், வாள், வாழ், கலை, களை, கழை. வரிசை மாற்றி மாற்றி. அப்பாவிடம் தாளும் பென்சிலும். ஐம்பதாண்டு பிறருக்குச் சொல்வதெழுதுதல் வைத்தவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மிகுந்த சிரத்தையோடு எழுதினார்.

பழுதுபார்த்த ஜோடியில் லகரம்கூடப் பல இடங்களில் தப்பியது. புதியதில் லகரம் முழுவதும் பிழைத்தது. ழகரம் ஏறக்குறைய முழுவதும் வந்துவிட்டது. ஆனால் ளகரமும் பெரும்பாலான இடங்களில் ழகரமாகவே எழுதப்பட்டிருந்தது. தாளை எங்களிடம் நீட்டி, "ழ நல்லா வருது, ள-வும் ழ மாதிரியே வருது" என்றார். பிறகு, அது பெட்டியின் தவறா தம் தவறா என்று கேட்டார்.

எங்களில் ஒருவர் வேட்டிக்கு முன்னால் வந்து நின்று, பெட்டி எதுவும் இல்லாமல், அதே சொற்களை வாயாலேயே சொல்லிப் பார்த்தோம். முடிவு அதேதான். அவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து, நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்துப் போடச் சொன்னார். போட்டோம். பெட்டியை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பியும் வைத்தோம். அன்று மாலை சொற்பொழிவு ஓடியது. சத்தம் எங்களுக்குத்தான் கொஞ்சம் அதிகம்.